சுகந்த வனத்தில் பூண்டு நாற்றம்

மனித நாகரிகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சிந்து நதி, நைல் நதி என்று ஆற்றங்கரைகளையே சுற்றிச் சுற்றி வந்து காலத்தை வீணாக்கிவிட்டார்கள். அம்பத்தூருக்கு வந்து, மேனாம்பேடு பக்கம் ஒரு நடை நடந்திருந்தால் போதும். நாகரிகம் எந்த உயரம் வரை போக முடியும் என்பதை நேரிலேயே பார்த்திருக்கலாம். ஐந்து மாடி வரை போக முடியும். லிஃப்ட் உண்டு. அந்த இடத்தின் பெயர் 'சுகந்த வனம்'.

வனம் என்றதும் மரங்களைத் தேட வேண்டாம். இருந்த மரங்களை வெட்டித்தான் வனத்தைக் கட்டினார்கள். வாழையும் கிணறும் இருந்த அந்த நிலத்தைக் கொடுத்தவர் வேம்புலியம்மாள். அதற்கு ஈடாக முதல் மாடியில் இரண்டு வீடுகளை வாங்கிக்கொண்டு, கீழே தண்ணீர் கேன் ஏஜென்சி நடத்துகிறார். ஆனால் சுகந்தம் மட்டும் நிஜம். வாசலில் மல்லிகை ஊதுவத்தி, லிஃப்டில் எலுமிச்சை ஸ்பிரே, மாடிப்படியில் சாம்பிராணி. மூன்றும் கலந்தடிக்கும்போது புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். குடியிருப்பவர்களுக்கும் சுற்றும். பழகிவிட்டதால் தெரியாது.

எங்கள் சங்கத்தின் முதல் விதி இது: பூண்டு, வெங்காயம், மாமிசம் ஆகியவற்றின் வாசனை எவர் வீட்டு வாசற்படியையும் தாண்டக் கூடாது. சமைக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அது சர்வாதிகாரம். சமைத்துக்கொள்ளுங்கள், வாசனை மட்டும் வரக் கூடாது என்கிறோம். இதற்குப் பெயர் 'சகிப்புத்தன்மை'.

இந்தச் சங்கத்தின் செயலாளர், நாகேந்திரனாகிய நான். பகலில் ஓர் ஐ.டி. நிறுவனத்தில் 'நடைமுறை மேன்மை' மேலாளர். அது என்ன வேலை என்று என் மனைவி சுரேகா ஒருமுறை கேட்டாள். வேலை செய்கிறார்களா என்று கேட்கிறவர்கள் சரியாகக் கேட்கிறார்களா என்று கேட்பது என் வேலை என்று விளக்கினேன். "இதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா?" என்றாள். அவளுக்கு நிர்வாகம் புரியாது.

எனக்கு நிர்வாகம் புரியும் என்றால், எங்கள் தலைவர் ஸ்ரீகாந்துக்கு நிர்வாகமே மூச்சு. தொழிற்பேட்டையில் சொந்தமாக ஒரு ரசாயனக் கம்பெனி வைத்திருக்கிறார். பூண்டு என்ற சொல்லைக்கூட வாயால் சொல்ல மாட்டார். 'அந்த வெள்ளைப் பொருள்' என்பார். வாசலில் இருக்கும் பளிங்குப் பிள்ளையார் அவர் உபயம். அந்த நன்றிக்கு, அடித்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய அறையை 'உற்சவப் பொருள் பாதுகாப்பு அறை' என்று பெயரிட்டு அவரிடமே ஒப்படைத்தோம்.

அதில் பிள்ளையாரின் குடை இருக்கிறது. மீதி இடத்தில் இரும்புப் பீப்பாய்கள் இருக்கின்றன. தலைவரின் கம்பெனிக்கு அதிகாரிகள் அடிக்கடி சோதனைக்கு வந்துகொண்டிருந்தார்களாம். வேகாத வெயிலில் அவர்கள் பீப்பாய்களை எண்ணிக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல், இரக்க சுபாவம் கொண்ட தலைவர் பீப்பாய்களை இங்கே கொண்டுவந்துவிட்டார். லாரி பின்னால் வரும்போது "வரலாம்... வரலாம்... ரைட்டு" என்று கைகாட்டியவன் நான்தான். என் பொதுவாழ்வில் நான் பெருமைப்படும் தருணங்களில் அதுவும் ஒன்று.

மழைக்காலம் வந்தது. அடித்தளத்தில் வழக்கம்போலக் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. வழக்கத்துக்கு மாறாக நாற்றமும் வந்தது.

சாதாரண நாற்றமில்லை. உரித்த பூண்டை அம்மியில் வைத்து நசுக்கி, அதை நம் மூக்குக்குள்ளேயே தாளித்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் முதல் புகார் வந்தது. புகார் கொடுத்தவர் ரேஷ்மா.

ரேஷ்மாவும் அவர் கணவர் முகமது ஆசிக்கும் தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தார்கள். ஆசிக் தொழிற்பேட்டை பக்கத்து டெக் பார்க்கில் வேலை பார்ப்பவர். ரேஷ்மா நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் வீட்டு ஓனர் மஸ்கட்டில் இருப்பதால் எங்களைக் கலக்காமலேயே வீட்டைக் கொடுத்துவிட்டார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வண்டியை விட்டுவிட்டு வரும்போது அடித்தள லிஃப்டில் பார்த்தால் சிரிப்போம். சிரித்துவிட்டு மாடிப்படியில் போவோம்.

'வணக்கம். ரெண்டு நாளா பேஸ்மென்ட்ல இருந்து பூண்டு மாதிரி கடுமையான வாசனை வருது. தலைவலி, வாந்தி. தயவுசெஞ்சு என்னன்னு பாருங்க' என்று ரேஷ்மா எழுதியிருந்தார்.

தலைவர் உடனே எனக்குப் போன் செய்தார்.

"நாகேந்திரன், கவனிச்சீங்களா? பூண்டுங்கற வார்த்தையை குரூப்ல முதல்ல போட்டது யாரு?"

"ரேஷ்மா, சார்."

"முதல்ல புகார் கொடுக்கறவங்க மேலதான் போலீஸே முதல்ல சந்தேகப்படும். தெரியுமில்ல?"

தெரியாது. ஆனால் அவர் சொன்ன பிறகு தெரிந்ததுபோல இருந்தது. அதுதான் தலைமைப் பண்பு.

காவலாளி சம்பத்தும் வந்து தலையைச் சொறிந்தான். "சார், அந்த சாமி ரூமாண்ட போனா கண்ணுல தண்ணியா ஊத்துது சார். ஜெனரேட்டராண்ட சுத்திகினு இருந்த பூனையைக்கூட காணோம்."

"குடை வெச்சிருக்கற இடம் சம்பத். பக்தியில கண்ணீர் வரும்."

"எனக்குமா சார்?"

"ஏன், உனக்கு பக்தி இல்லையா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான். பூனை மட்டுமா போயிற்று? சுகந்த வனத்தில் கரப்பான் பூச்சிகளும் அடியோடு ஒழிந்தன. எங்கள் தூய்மைப் பணிக்குக் கிடைத்த வெற்றி என்று குழுவில் அறிவித்தேன். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

அவசரக் கூட்டம் கூடியது. 'வாசனை மூலம் கண்டறியும் குழு' அமைக்கப்பட்டது. ஜனங்கள் அதை மோப்பக் குழு என்றார்கள். தலைவர், நான், பெண்கள் பிரதிநிதியாக வேம்புலியம்மாள். வீடு வீடாகச் சென்று மோந்து பார்த்து, குற்றவாளிப் பூண்டைக் கைப்பற்றுவது எங்கள் கடமை.

இரண்டாவது மாடியில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வீட்டில் பூஜை அலமாரியின் கீழ் டிராயரில் ஒரு கிலோ மலைப்பூண்டு இருந்தது. "வாயுத் தொல்லைக்கு. டாக்டர் சொன்னாரு" என்றார். மருத்துவப் பூண்டு என்று விலக்களித்தோம். மூன்றாவது மாடியில் ஃப்ரீசருக்குள் பூண்டு ரொட்டி. "இது இத்தாலி ஐட்டம் அங்கிள்" என்றாள் அந்த வீட்டுப் பெண். வெளிநாட்டு விவகாரங்களில் சங்கம் தலையிடுவதில்லை. நான்காவது மாடியில் ஒரு ஜாடி நிறையப் பூண்டு ஊறுகாய், மாமியார் அனுப்பியது. மாமியார் விஷயத்தில் சங்கம் மட்டுமல்ல, யாருமே தலையிடுவதில்லை.

"எங்கூட்ல கருவாடே கீது நைனா. வந்து மோந்து பாக்கறியா?" என்று வேம்புலியம்மாள் தாமாகவே முன்வந்தார்.

நிலம் கொடுத்தவர். அவர் வீட்டு வாசனை மண்வாசனை என்று தலைவர் தீர்ப்பளித்தார்.

நடுநிலைமையோடு என் வீட்டையும் சோதித்தேன். காபித்தூள் என்று எழுதிய டப்பாவுக்குள் பூண்டுப் பொடி.

"என்ன முழிக்கறீங்க? கல்யாணமான நாள்லேர்ந்து இட்லிக்குத் தொட்டுக்கறீங்களே, அது என்னன்னு நினைச்சீங்க?" என்றாள் சுரேகா.

அறியாமல் உண்ட பூண்டு என்று ஒரு தனி வகையை உடனடியாக உருவாக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் ரேஷ்மாவின் வீடு. சமையலறை, அலமாரி, ஃப்ரிட்ஜ், பால்கனி. தலைவர் குனிந்து கட்டிலடியில்கூட மோந்தார். ஒரு பல் பூண்டு இல்லை.

"மசக்கை இன்னும் விடலை சார். பூண்டுன்னாலே குமட்டுது. மாசக்கணக்கா வீட்டுக்குள்ளயே கொண்டு வர்றதில்லை" என்றார் ரேஷ்மா, சுவரைப் பிடித்து நின்றுகொண்டு.

வெளியே வந்ததும் தலைவர் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். அவர் கண்கள் பளபளத்தன.

"எல்லார் வீட்லயும் இருக்கு. இவங்க வீட்ல மட்டும் இல்லை. ஏன்?"

"ஏன் சார்?"

"மொத்தத்தையும் சமைச்சுட்டாங்க!"

தர்க்கம் என்றால் இதுவல்லவா தர்க்கம். எங்கள் நிறுவனத்தில் இப்படிப்பட்ட மூளை ஒன்றே ஒன்று இருந்திருந்தால் நாங்கள் எப்போதோ மூடப்பட்டு நிம்மதியாக இருந்திருப்போம்.

'காரணம் கேட்கும் நோட்டீஸ்' அன்றே தயாரானது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யாமலிருக்கக் காரணம் என்ன என்று கேட்டிருந்தேன். ஆசிக் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். கூடவே ரேஷ்மாவும். சுரேகா ஓடிப்போய் நாற்காலி போட்டாள். நோட்டீஸ் கொடுக்கப்பட்டவருக்கு நாற்காலி போடுவது முறையா என்று நான் கண்ணால் கேட்டேன். அவள் பதிலையும் கண்ணாலேயே சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

"சார், வீடு தேடி நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்" என்றார் ஆசிக். "ஆவடி, பூந்தமல்லி, மாங்காடு, ஒரு இடம் விடலை. போன்ல 'வாங்க வாங்க'ம்பாங்க. பேரைச் சொன்னதும், இப்பதான் வேற ஒருத்தருக்குக் குடுத்தோம்பாங்க. டெலிவரிக்கு இங்க பக்கத்து ஆஸ்பத்திரியிலதான் பதிஞ்சு வெச்சிருக்கோம். குழந்தை பிறக்கற வரைக்குமாவது விடுங்க சார்."

"எனக்குத் தனிப்பட்ட முறையில ஒண்ணுமில்ல ஆசிக். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கே."

ரேஷ்மா நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "சார், இது பூண்டே இல்லை. காய்கறியில பூச்சிமருந்து மிச்சம் இருக்கான்னு டெஸ்ட் பண்ற லேப்ல வேலை பாத்தவ நான். பாஸ்பரஸ், ஆர்சனிக் இதெல்லாம் கார்பனோட சேர்ந்து வர்ற சில கெமிக்கலுக்கு அச்சு அசல் பூண்டு வாசனை இருக்கும். மூக்கால வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. அந்த பேஸ்மென்ட் ரூமைத் திறந்து பாருங்க. எனக்கு பயமா இருக்கு சார். வீட்டை விடுங்க, வயித்துல இருக்கற குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா?"

எனக்கும் ஒரு கணம் மனசு என்னவோ செய்தது. உடனே நிர்வாகி என்ற முறையில் அதைக் கட்டுப்படுத்திக்கொண்டு, "பொதுக்குழுவுல வைக்கறேன்" என்றேன். உலகத்தில் எந்தப் பிரச்சினையையும் கொல்லாமல் புதைப்பதற்கு இதைவிட நல்ல வாக்கியம் கிடையாது.

ஆனால் தலைவரோ, மடியில் கனமில்லாத மனிதர். பொதுக்குழுவை அந்த அறை வாசலிலேயே கூட்டச் சொன்னார். எல்லோரும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தேங்கிய தண்ணீரில் நின்று கூட்டத்தை நடத்தினோம். தலைவர் பூட்டைத் திறந்தார். குப்பென்று அடித்தது. குடையின் பின்னே பீப்பாய்கள் வரிசையாக நின்றன. அடியில் துருப்பிடித்து, ஒன்றிரண்டில் எண்ணெய்போல ஏதோ கசிந்து தண்ணீரில் வானவில் காட்டியது. ரேஷ்மா மூக்கைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டு பீப்பாயின் லேபிளைப் போனில் படம் பிடித்தார். ஆசிக் அவரை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார்.

"ஒளிக்க என்ன இருக்கு?" என்று தலைவர் உரையைத் தொடங்கினார். "பாஸ்பரஸ், ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத். நாலும் ஒரே குடும்பம். தனிம அட்டவணையில ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, நம்ம அபார்ட்மென்ட் மாதிரியே அடுக்கி வெச்சிருக்கும். பிஸ்மத் இருக்காரே, ரொம்ப சாது. வயித்து வலி மருந்துலயே இருக்காரு. ஆன்டிமனி, காய்ச்சலுக்கு ஊசியா போனவரு. ஆர்சனிக்கைப் பத்தி ஊர்ல நாலு விதமா பேசுவாங்க, ஆனா அவரும் ஒரு காலத்துல மருந்தா இருந்தவருதான். இவங்க கார்பனோட சேர்ந்து குடித்தனம் பண்ணினா வர்ற சந்ததிங்க ஏராளம். நம்மகிட்ட இருக்கறது பாஸ்பரஸ் வீட்டுப் பிள்ளைங்க மட்டும்தான்."

பாஸ்பரஸ் வீட்டுப் பிள்ளைகளின் குணத்தைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசவில்லை. சொந்தச் சரக்கைச் சபையில் புகழ்ந்துகொள்ளாத அடக்கம்.

"நல்ல குடும்பமாத்தான் தெரியுது" என்றார் வங்கி மேலாளர்.

"அது இன்னாத்துக்குப்பா யூஸு?" என்று வேம்புலியம்மாள் கேட்டார்.

"பூச்சிமருந்துக்கு மூலப்பொருள்மா. வயல்ல அடிச்சா பூச்சி செத்துடும்."

"பூச்சி சாவும். மன்சன்?"

"மனுஷன் என்ன பூச்சியா?"

பலத்த கரகோஷம். அது அடங்கியதும், மூன்றாவது மாடிக்காரர் கையைத் தூக்கினார். "சார், தப்பா நினைக்காதீங்க. இதுல முட்டை, மாட்டுக் கொழுப்பு அந்த மாதிரி ஏதாவது...?"

"ராம ராமா! ஒரு துளிகூட கிடையாது. பால்கூட கிடையாது."

"பூச்சியைக் கொல்றது பாவமில்லையா?"

"நாம எங்க சார் கொல்றோம்? விவசாயி அடிக்கிறான். நாம சப்ளை மட்டும்."

"அப்ப சுத்த சைவம்தான்" என்று கூட்டம் பெருமூச்சு விட்டது. பாதிப் பெருமூச்சில் பலருக்கு இருமல் வந்தது.

"அப்போ இந்த நாத்தம்?" என்று ஒருவர் இழுத்தார்.

"பூண்டு மாதிரி இருக்கும். ஆனா பூண்டு இல்லை" என்றார் தலைவர்.

எவ்வளவு பெரிய ஆறுதல்! அத்தனை நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த சனங்கள் அன்றுதான் நெஞ்சு நிறைய இழுத்து மூச்சு விட்டார்கள்.

படிக்கட்டில் நின்ற ஆசிக் சத்தமாகக் கேட்டார். "இப்ப தெரிஞ்சுபோச்சே சார், நாங்க இல்லைன்னு. பீப்பாயை எடுத்துடுவீங்கதானே? எங்க நோட்டீஸையும் வாபஸ் வாங்கிக்குவீங்கதானே?"

இங்கேதான் என் நிர்வாகத் திறமைக்குச் சோதனை வந்தது. இரண்டு விஷயங்கள் தனித்தனி என்பதைச் சபைக்கு விளக்கினேன். பீப்பாய்கள் ஓனருடையவை. குடும்பம் வாடகைக்கு வந்தது. பீப்பாய்கள் சமைப்பதில்லை. பீப்பாய்களைப் பார்க்க ஊரிலிருந்து விருந்தாளிகள் வருவதில்லை. பீப்பாய்களுக்குப் பிறக்கும் குழந்தை லிஃப்டில் ஏறி எல்லா பட்டனையும் அமுக்குவதில்லை. தவிர, கொடுத்த நோட்டீஸைத் திரும்ப வாங்கும் நடைமுறை எங்கள் விதிகளில் இல்லவே இல்லை. பீப்பாய்கள் இருக்கலாம், குடும்பம் போகலாம் என்று தீர்மானம் முன்மொழியப்பட்டது.

"அடப் பாவிங்களா! புள்ளத்தாச்சிப் பொண்ணைத் தொரத்திட்டு வெசத்துக்குக் காவல் இருக்கப் போறீங்களா? நீங்கள்லாம் படிச்சிகினு வந்து இன்னாய்யா பிரயோசனம்?" என்று வேம்புலியம்மாள் மட்டும் கத்தினார். கத்துவது வாக்கு ஆகாது என்பதால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வேம்புலியம்மாள் ரேஷ்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ இன்னாத்துக்கு அழுவுற? நசரத்பேட்டைல எம் பொண்ணு ஊட்டு மாடி காலியாத்தான் கீது. பூண்டு துன்னு, மாடு துன்னு, யாரும் கேக்க மாட்டாங்க. இங்க ஒரு நிமிசம் இருக்காத, கெளம்பு."

மறுநாளே போய்விட்டார்கள். மினி லாரியில் தொட்டில் ஒன்றும் இருந்தது, இன்னும் பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு. நான் வாசலில் நின்று முறைப்படி வழியனுப்பினேன். ரேஷ்மா ஆட்டோவில் ஏறும் முன் என்னிடம் வந்து, "சார், அந்த பீப்பாய் கசியுது. சுரேகா அக்காவை ரெண்டு நாளைக்கு அம்மா வீட்டுக்காவது அனுப்புங்க" என்றார். துரத்தப்படுகிறவர்களுக்குத் துரத்துகிறவர்கள் மேல் கோபம் வர வேண்டும் என்ற அடிப்படை நடைமுறைகூட அவருக்குத் தெரியவில்லை.

குடும்பம் போய்விட்டது. நாற்றம் போகவில்லை. அவர்கள் சமைத்த பூண்டு சுவரில் ஊறியிருக்கிறது என்று சிலர் கருதினார்கள். பீப்பாய்தானே என்று சிலர் நினைவூட்டினார்கள். பூண்டு அல்ல என்று தெரிந்துவிட்ட ஒன்றைப் பற்றிப் பூண்டு விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க முடியாது என்று நான் தெளிவுபடுத்தினேன். ஆயினும் மக்கள் நலன் கருதி, 'தூய காற்றுத் திட்டம்' என்ற ஒன்றை வகுத்தேன். அடித்தளத்தில் ராட்சச மின்விசிறி ஒன்று. அது கீழேயிருக்கும் காற்றை அள்ளி, லிஃப்ட் வழியாகவும் படிக்கட்டு வழியாகவும் எல்லா மாடிகளுக்கும் பாரபட்சமின்றி அனுப்பும். வாடகைக்காரர், சொந்தக்காரர் என்ற பேதம்கூட அதற்குக் கிடையாது.

சங்கத்தின் ஆண்டு விழாவன்று காலையில் தலைவர் சுவிட்சைப் போட்டுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விசிறி உறுமியது. தரைத்தள அரங்கில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வேம்புலியம்மாள் மட்டும் வரவில்லை. ரேஷ்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதென்று நசரத்பேட்டைக்குப் போயிருந்தார். சுரேகாவும் குழந்தையைப் பார்க்கப் போவதாகத்தான் இருந்தாள். ஆண்டறிக்கை வாசிக்கும்போது செயலாளரின் மனைவி இல்லாவிட்டால் எப்படி என்று நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

ஆண்டறிக்கையைத் தொடங்கினேன். என் உரைகளுக்குச் சபை தூங்கித்தான் எனக்குப் பழக்கம். அன்று நடந்ததை இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது. 'ஒரு குடும்பம்போல வாழ்கிறோம்' என்ற இடத்தில் முன்வரிசையில் கண்கள் கலங்கின. 'கட்டுப்பாடு' என்றபோது பின்வரிசையும் கலங்கியது. வங்கி மேலாளர் தாரை தாரையாகக் கண்ணீர் விட்டார். மூன்றாவது மாடிக்காரருக்கு வாயிலிருந்து எச்சில் வழிந்தது, அவ்வளவு லயிப்பு. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. சிலர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்து நின்றார்கள். நின்றவர்கள் தள்ளாடினார்கள். எனக்கும் கண் மங்கி, கை நடுங்கி, அரங்கமே பம்பரமாகச் சுற்றியது. ஒரு பேச்சாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்? குரலை உயர்த்தினேன். 'தூய காற்று' என்றேன். அந்த இடத்தில் சபையில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள்.

தலைவர் இத்தகைய நேரங்களில் முன்னின்று வழிநடத்துகிறவர். ஈரத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு எல்லோருக்கும் முன்னதாக வாசல் கேட்டைத் தாண்டியவர் அவர்தான். அந்த வயதில் அந்த ஓட்டம் சாதாரணமில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சுரேகா என் மேல் சாய்ந்து, "நான் குழந்தையையே பாத்திருப்பேன்" என்றாள். அப்புறம் அவளுக்குப் பேச்சு குழறியது. நான் என் ஆண்டறிக்கையைக் கீழே போட்டுவிட்டு அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது. வாசலில் சம்பத் போனில் அலறிக்கொண்டிருந்தான். "வேம்புலிம்மா! அல்லாரும் வாந்தி எடுத்துகினு உளுந்துட்டாங்கம்மா! இன்னா பண்றதுன்னே தெர்ல!"

மறுமுனையில் வேம்புலியம்மாள் போனை ரேஷ்மாவிடம் கொடுத்திருக்கிறார். முதலில் விசிறியை நிறுத்து, எல்லோரையும் வெட்டவெளிக்கு இழுத்துப் போ என்று ரேஷ்மா சொல்லியிருக்கிறார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தான் பிடித்து வைத்திருந்த லேபிள் படத்தையும் அனுப்பி, இன்ன விஷம் என்று சொல்லியிருக்கிறார். பின்னணியில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்ததாம். அதையும் சம்பத்தான் சொன்னான்.

அவசரப் பிரிவில் சுகந்த வனம் முழுவதும் வரிசையாகப் படுத்திருந்தது. கட்டில் போதாமல் சிலர் தரையில். ஓனர் யார், வாடகைக்காரர் யார் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்கவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் சுரேகாவுக்கு ஊசி வழியே மருந்து ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முறைத்தாள். பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்தது.

இளம் டாக்டர் ஒருவர் என் இமையை விலக்கி டார்ச் அடித்தார். "கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. எல்லாருக்கும் இதேதான். என்ன விஷம்னு அந்தம்மா போன்ல கரெக்டா சொன்னதால மருந்தை ரெடியா வெச்சிருந்தோம். இல்லைன்னா நாங்க தேடிக்கிட்டு இருந்திருப்போம், நீங்க போய்ச் சேர்ந்திருப்பீங்க" என்றார்.

நான் செயலாளர் என்பதை முறைப்படி தெரிவித்துக்கொண்டேன்.

"நல்லதாப் போச்சு. நீங்கதான் சொல்லணும். யாரையும் விட்டுடக் கூடாது" என்று அவர் நீண்ட வரிசையைப் பார்த்தார். சின்னப் பிள்ளைகள் படுத்திருந்த பக்கம் அவர் பார்வை கொஞ்சம் நின்றது. பிறகு என்னிடம் திரும்பினார். "மாடிக்கு மாடி இப்படி விழுந்து கிடக்கீங்களே. அந்த பில்டிங்ல விஷம் ஏறாதவங்க ஒருத்தர்கூடவா இல்லை?"

எனக்கு நாக்கு தடித்திருந்தது. ஆனாலும் சங்கத்தின் சார்பில் உண்மையைச் சொல்வது என் கடமை.

"ஒரு குடும்பம் இருந்துச்சு டாக்டர். அவங்களைத்தான் நாங்க ஏகமனதா வெளியே அனுப்பிட்டோம்."